வேலி தாண்டிய பூ

பெங்களூர் மர்பி டவுனின் சுவரோரத்தில் பூக்கும் உண்ணிச்செடி, 180 கி.மீ. தள்ளியிருக்கும் புலிகள் காப்பகத்தை எப்படிப் பிடித்தது?

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குக் கிழக்கே, பழைய மெட்ராஸ் சாலையை ஒட்டினாற்போல இருக்கிறது மர்பி டவுன். நேர்கோட்டில் ஓடும் குறுகலான தெருக்கள், சின்னச் சின்ன வீடுகள், கூப்பிடு தூரத்தில் கோயிலும் சர்ச்சும். தமிழ் காதில் விழாமல் ஒரு தெருவைக் கடப்பது கஷ்டம். இதற்கு இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1809-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு இடம் மாறியது. 'தண்டு' என்று பெங்களூர்த் தமிழர்கள் அழைக்கும் கன்டோன்மென்ட் உருவானது. மெட்ராஸ் ராணுவத்தின் பின்னாலேயே கொத்தனார்கள், சமையல்காரர்கள், வண்டியோட்டிகள், தோட்டக்காரர்கள் என்று தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த நாக்ஸ்பேட்டையைச் சீர்செய்து புதிய குடியிருப்பாகத் திட்டமிட்டவர் சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனின் பொறியாளர் டபிள்யூ.எச். மர்பி. அவர் பெயரே ஊருக்கு நிலைத்துவிட்டது.

மனிதர்களுக்குக் கோடு கிழித்து மனை பிரித்தார்கள். செடிகள் எந்தக் கோட்டையும் மதிக்கவில்லை. மர்பி டவுனிலும் சரி, பெங்களூரின் வேறெந்தப் பேட்டையிலும் சரி, ஒரு பிடி மண் சும்மா கிடந்தால் போதும்; மழை விழுந்த சில வாரங்களில் பார்த்தீனியம் தலை காட்டும். பார்த்தீனியம் இல்லாத மூலையில் உண்ணிச்செடி. மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த குட்டிப் பூங்கொத்து, கசக்கினால் மூக்கைத் துளைக்கும் வாசனை, கறுத்துப் பழுக்கும் மணி மணியான பழம். அந்தப் பழத்தைப் பறித்துத் தின்று நாக்கு கறுத்துப் போகாத தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. மூன்றாவது ஆள் தண்ணீரில் இருக்கிறது. அல்சூர் ஏரி உட்பட பெங்களூர் ஏரிகளில் அவ்வப்போது பச்சைப் பாயாகப் பரவி, மாநகராட்சிக்கு வேலை வைக்கும் ஆகாயத்தாமரை.

மூன்றுமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. நகரத்தில் இவை வெறும் தொந்தரவு. ஆனால் தெற்கே சுமார் 180 கி.மீ. பயணம் செய்து, சாம்ராஜ்நகர் மாவட்டத்தின் பிளிகிரி ரங்கசாமி மலைக்குப் போனால், மர்பி டவுன் சுவரோரத்தில் பார்த்த அதே உண்ணிச்செடி, ஆளுயரத்துக்கு மேல் எழும்பி, யானைக்கே வழி விடாத புதராக நிற்கிறது. அது புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் மனிதன் நுழைய முடியாத இடத்துக்குள் ஒரு வேலிச்செடி நுழைந்து குடும்பம் நடத்துகிறது.

அந்நியரெல்லாம் எதிரியல்ல

கன்டோன்மென்ட் பிறந்த காலத்தில்தான் உண்ணிச்செடியும் இந்தியாவுக்குள் வந்தது. கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அது 1809 வாக்கில் அலங்காரச் செடியாகக் கொண்டுவரப்பட்டது என்று தாவர நூல்கள் சொல்கின்றன. தாவரவியல் பெயர் லன்டானா கமாரா. வெப்பமண்டல அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பியத் தோட்டக்காரர்களின் கையில் பல வகைகளோடு கலந்து, நிறம் நிறமாகப் பூக்கும்படி வளர்க்கப்பட்ட செடி. ஆண்டு முழுவதும் பூக்கும், மாடு தின்னாது, தண்ணீர் கேட்காது. பங்களா வேலிக்கு இதைவிடப் பொருத்தமான செடி வேறு என்ன வேண்டும்? துரைமார் தோட்டங்களிலிருந்து காபி, தேயிலை எஸ்டேட்டுகளுக்கும், அங்கிருந்து காட்டோரங்களுக்கும் அது பரவியது.

பெங்களூருக்கு வந்த அந்நியத் தாவரங்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினால் முடிவே இருக்காது. 1760-ல் ஹைதர் அலி தொடங்கி, 1856-ல் அரசு தாவரவியல் பூங்காவான லால்பாக், உலகெங்கிலுமிருந்து வந்த விதைகளின் நாற்றங்காலாக இருந்தது. மார்ச், ஏப்ரலில் நகரத்தை ஊதா நிறமாக்கும் ஜகரந்தா தென்அமெரிக்கா. தீப்பிடித்தாற்போல் பூக்கும் குல்மோஹர் மடகாஸ்கர். சாலைக்குக் குடை பிடிக்கும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்பமண்டலம். தமிழ்நாட்டுக் காய்கறிக் கடைகளில் 'பெங்களூர் கத்திரிக்காய்' என்று விற்கும் சௌசௌவின் பூர்வீகம் மெக்சிகோ. இவற்றில் எதுவும் காட்டைப் பிடிக்கவில்லை.

இந்த வித்தியாசத்தைத்தான் விஞ்ஞானிகள் வலியுறுத்துகிறார்கள். வெளியூரிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு செடி ஆக்கிரமிப்புச் செடி ஆகிவிடாது. வந்த இடத்தில் தானே பெருகி, மனிதன் உதவியில்லாமல் பரவி, ஏற்கனவே இருந்தவற்றுக்கு இடமும் வெளிச்சமும் கிடைக்காமல் செய்தால்தான் அந்தப் பட்டம். வந்த செடிகளில் மிகச் சிலவே அந்த நிலையை எட்டுகின்றன. 'வெளியூர்க்காரன்' என்ற சொல்லின் கனம் மர்பி டவுனுக்குத் தெரியும். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்னையில் கலவரம் வெடித்தபோது, தலைமுறை தலைமுறையாக இந்த நகரத்தில் வாழ்ந்த தமிழர்களே அந்தச் சொல்லால் அடிபட்டார்கள். பிறந்த ஊரை வைத்து ஆளை எடை போடுவது மனிதர் விஷயத்தில் அநியாயம். செடி விஷயத்திலும் அது சரியான அளவுகோல் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தச் செடிக்கு இவ்வளவு இடம் எப்படிக் கிடைத்தது?

கட்டம் போட்டு எண்ணினார்கள்

அந்தக் கேள்விக்குப் பதில் தேட பிளிகிரி மலை நல்ல இடம். கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், எளந்தூர் வழியாகப் பாதை ஏறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கை கோக்கும் இடம் இது. அடிவாரத்தில் முட்புதர்க்காடு, ஏற ஏற இலையுதிர் காடு, உச்சியில் சோலையும் புல்வெளியும். வெள்ளைப் பாறை முகட்டில் ரங்கநாதர் கோயில். காட்டுக்குள்ளே சோலிகர்கள் கும்பிடும் 'தொட்ட சம்பிகே' என்ற மிகப் பழைய சண்பக மரம். கிழக்கே காடு தமிழ்நாட்டின் சத்தியமங்கலத்தோடு சேர்ந்துகொள்கிறது. 1974-ல் வனவிலங்கு சரணாலயம், 1987-ல் சுமார் 540 சதுர கி.மீ.ஆக விரிவு, 2011-ல் புலிகள் காப்பகம் என்று அதன் அந்தஸ்து உயர்ந்துகொண்டே போனது.

உண்ணிச்செடியின் அந்தஸ்தும் கூடவே உயர்ந்தது. பெங்களூரில் 1996-ல் தொடங்கிய 'ஏட்ரீ' என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் இந்தக் காட்டை நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறது. காட்டின் வரைபடத்தின் மீது சதுரக் கட்டங்கள் போட்டு, கட்டத்துக்கு ஓர் இடம் என்று தேர்ந்தெடுத்து, அங்கே நிற்கும் மரங்களையும் புதர்களையும் ஒன்றுவிடாமல் எண்ணுவது அதன் முறை. 1997-ல் எண்ணியபோது 41 சதவிகித இடங்களில் உண்ணிச்செடி இருந்தது. பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமட்டும் 2008-ல் அதே இடங்களுக்குத் திரும்பிப் போய் எண்ணினார்கள். 81 சதவிகிதம். பதினோரு ஆண்டுகளில் இரட்டிப்பு. செடிகளின் நெருக்கமோ சுமார் நான்கு மடங்காகியிருந்தது. உள்ளூர் இளமரங்கள் பல இடங்களில் குறைந்திருந்தன.

இப்படி மறுபடியும் அதே இடத்துக்குப் போய் எண்ணுவதுதான் இந்த ஆய்வின் பலம். காட்டுக்குள் ஒரு முறை போய்வருகிறவர் கண்ணுக்கு எல்லாமே பச்சை. புதர் எத்தனை வயது, அதற்கு முன்னால் அங்கே என்ன நின்றது என்பதை ஒரு பார்வையில் சொல்ல முடியாது. தமிழ்நாட்டு முதுமலையில் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆர். சுகுமார் குழுவினர் 1988-ல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து கட்டம் பிரித்து, மரங்களுக்கு எண் போட்டுத் தொடர்ந்து கவனித்து வருவதும் இதே காரணத்துக்காகத்தான். அங்கும் உண்ணிச்செடி எந்தக் கட்டத்தில் புதிதாக நுழைகிறது, எதில் அடர்கிறது என்று பதிவாகியிருக்கிறது.

வெளிச்சம் விழுந்த இடமெல்லாம்

இந்தக் கணக்குகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், செடி கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை என்பது புரிகிறது. அதற்குப் பிடித்த இடமும் பிடிக்காத இடமும் இருக்கின்றன. உச்சிச் சோலையின் இருட்டுக்குள் அது சிரமப்படுகிறது. மரக்கிளைகள் மேலே கூடி வெயிலை மறைக்கும் பசுமைமாறாக் காட்டில் அதற்குப் பிழைப்பில்லை. இலையுதிர் காடுதான் அதன் ராஜ்யம். ஆண்டில் சில மாதங்கள் மரங்கள் மொட்டையாகி வெயிலைத் தரைக்கு விடும் காடு அது. அதிலும் மரம் வெட்டிய இடம், மூங்கில் அழித்த இடம், சாலையோரம், மாடு மேய்ந்து புல் தேய்ந்த இடம், ஓடைக்கரை என்றால் செடிக்குக் கொண்டாட்டம்.

பரப்பும் வேலையைப் பறவைகள் பார்த்துக்கொள்கின்றன. ஒரு செடி ஆண்டுக்கு 12,000 பழங்கள் வரை தரக்கூடும் என்று கணக்கு. கொண்டைக்குருவி பழத்தைத் தின்றுவிட்டு, வேறொரு மரக்கிளையில் உட்கார்ந்து எச்சமிடும். அடுத்த மழைக்கு அந்த மரத்தடியில் நாற்று முளைக்கும். அதனால்தான் புதருக்கு வெகுதூரத்தில், தனி மரத்தின் கீழே, காரணமில்லாமல் நிற்பது போல ஓர் இளம் உண்ணிச்செடி நிற்கிறது. முன்னணிப் படை அது. சில ஆண்டுகளில் இடைவெளி நிரம்பிவிடும்.

நிரம்பிய பிறகு நடப்பது எளிய கணக்கு. புதரின் கீழே வெளிச்சமில்லை, புல் போகிறது. அதன் இலையிலும் வேரிலும் உள்ள ரசாயனங்கள் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கின்றன. மான், காட்டெருது போன்ற மேய்ச்சல் பிராணிகளுக்குத் தீனி குறைகிறது. உண்ணிச்செடியின் இலையோ விஷம். பசியில் தின்னும் மாடுகளுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகிறது. காட்டுக்குள் நடந்து போகிறவருக்கு நாலடி தூரத்தில் நிற்கும் யானை தெரியாது. ஓரிரு நன்மையும் உண்டு. சின்னப் பறவைகளுக்கு அது மறைவிடம்; வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தேன்; புலிக்கும் பதுங்க இடம். ஆனால் பதுங்கிய புலிக்கு இரை வேண்டும். இரைக்குப் புல் வேண்டும்.

தரகு பெங்கி

இந்தக் காட்டைப் பற்றிப் பேசும் உரிமை விஞ்ஞானிகளுக்கு மட்டும் இல்லை. பிளிகிரி மலையின் பூர்வகுடிகள் சோலிகர்கள். தேன், நெல்லிக்காய், பாசி, கிழங்கு என்று காட்டிலிருந்து எடுத்தும், சிறு நிலத்தில் கேழ்வரகு விதைத்தும் வாழ்ந்தவர்கள். ஒவ்வோர் ஆண்டும் கோடையின் தொடக்கத்தில், புல் முழுதாகக் காய்வதற்கு முன்பே, தரையிலுள்ள சருகுக்கு மெல்லத் தீ வைப்பது அவர்கள் வழக்கம். அதற்கு 'தரகு பெங்கி' என்று பெயர். தரகு என்றால் சருகு; பெங்கி என்றால் நெருப்பு. தாழ்வாக ஓடி அணைந்துபோகும் நெருப்பு. அதில் புதர்களின் நாற்று கருகும், உண்ணி சாகும், பெருமரத்துக்கு ஆபத்தில்லை, மழைக்குப் பிறகு புதுப்புல் கிளம்பும்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-ல் சரணாலயம் வந்தது. வேட்டையும் இடம் மாற்றிச் செய்யும் விவசாயமும் நின்றன. தீ வைப்பது குற்றமானது. காட்டுக்குள் சிதறியிருந்த சோலிகர் குடியிருப்புகள் சாலையோரத்துக்கும் ஓரங்களுக்கும் நகர்த்தப்பட்டன. பின்னாளில் விற்பனைக்காக நெல்லிக்காய், தேன் எடுப்பதும் தடுக்கப்பட்டது. நெருப்பை நிறுத்தியதால்தான் உண்ணிச்செடி இந்த அளவு பெருகியது என்பது சோலிகர்களின் வாதம். நெல்லி மரங்களைக் காயவைக்கும் புல்லுருவி பெருகியதற்கும் அதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்.

விஞ்ஞானிகள் இதை ஆரம்பத்தில் வேறு விதமாகப் பார்த்தார்கள். நெருப்பு காட்டைத் திறந்துவிடுகிறது; திறந்த இடத்தில் உண்ணிச்செடி நுழைகிறது; காய்ந்த உண்ணிச்செடி அடுத்த நெருப்புக்கு விறகாகிறது; நெருப்பு இன்னும் பெரிதாகிறது. இப்படி ஒரு விஷச் சுழற்சி இருக்கக்கூடும் என்று 2005-ல் ஹிரேமட்டும் சுந்தரமும் எழுதினார்கள். பிறகு அவர்களே சோலிகர்களிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வு, பழங்குடியினரின் அனுபவ அறிவைப் புள்ளிவிவரத்துக்கு இணையான சான்றாக எடுத்துக்கொண்டது.

இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்போலத் தெரிந்தாலும், இரண்டு நெருப்பும் ஒன்றல்ல. ஆண்டுதோறும் சீக்கிரமாக வைக்கும் சருகு நெருப்பு முழங்கால் உயரத்தைத் தாண்டாது. பல ஆண்டுகள் தடுத்து வைத்து, சருகும் காய்ந்த உண்ணிச்செடியும் குவிந்த பிறகு, உச்சிக் கோடையில் பிடிக்கும் நெருப்பு மரத்தின் தலைக்கே ஏறும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தபோது நாடே தொலைக்காட்சியில் பார்த்தது இரண்டாவது வகை நெருப்பை. உண்ணிச்செடி ஏற்கனவே ஆளுயரம் வளர்ந்துவிட்ட காட்டில் இன்று தரகு பெங்கி வைத்தால், அதுவும் பழைய மாதிரி சாதுவாக எரியும் என்று சொல்ல முடியாது. மருந்தை ஐம்பது ஆண்டுகளுக்கு நிறுத்திவிட்டு, நோய் முற்றிய பிறகு அதே அளவில் கொடுக்க முடியாது அல்லவா?

கணக்கின் விசித்திரம் இதுதான். காட்டைக் காப்பதற்காகக் கோடு கிழித்து, பூர்வகுடிகளை வெளியே நிறுத்தினார்கள். அந்தக் கோட்டுக்குள் வந்தேறிச் செடி பெருகியது. 2011-ல் வன உரிமைச் சட்டத்தின்படி 25 சோலிகர் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றின் உள்பகுதியில் இப்படி உரிமை அங்கீகரிக்கப்பட்டது நாட்டிலேயே அப்போதுதான். ஆனால் நெருப்பு வைக்கும் வழக்கத்தைக் கையாள அது வழி திறக்கவில்லை.

நாட்டின் வரைபடம்

பிளிகிரி மலை ஒரு துளி. தேசிய அளவில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் நினாத் முங்கி, கமர் குரேஷி, ஒய்.வி. ஜாலா ஆகியோர் புலிக் கணக்கெடுப்போடு சேர்த்துத் தாவரங்களையும் பதிவு செய்தார்கள். 2020-ல் வெளியான முடிவு: இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் 40 சதவிகிதத்துக்கும் மேல் உண்ணிச்செடி புகுந்திருக்கிறது. பரப்பளவில் ஒன்றரை லட்சம் சதுர கி.மீ.க்கு மேல். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட அதிகம். 2023-ல் அதே குழுவினர் 20 மாநிலங்களில் கவலை தரும் 11 செடிகளை வைத்து வரைந்த படம் இன்னும் விரிவானது. இயற்கை நிலப்பகுதிகளில் 22 சதவிகிதத்தில் இவற்றில் ஏதாவது ஒன்று ஏற்கனவே இருக்கிறது. 66 சதவிகிதத்தில் பரவ வாய்ப்பிருக்கிறது.

மர்பி டவுனிலிருந்து பிளிகிரி வரை போக வேண்டும் என்பதும் இல்லை. நகரத்தின் தெற்கு எல்லையிலேயே இருக்கிறது 1974-ல் அறிவிக்கப்பட்ட பன்னேருகட்டா தேசியப் பூங்கா. ஒரு பக்கம் அடுக்குமாடிக் கட்டடங்கள், மறுபக்கம் யானைக் காடு. அந்தக் காட்டின் ஓரங்களிலும் உண்ணிச்செடி. கூடவே அதன் தோழன் யூபடோரியம். கேரளத்தில் 'கம்யூனிஸ்ட் பச்சை' என்று பெயர் வாங்கிய செடி.

பந்திப்பூர், முதுமலை, வயநாடு பக்கம் போனால் புதிய எதிரி. மஞ்சள் பூக்களால் மூடி, பார்க்கச் சரக்கொன்றை போலவே இருக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். நிழலுக்கும் அழகுக்கும் நட்ட மரம் அது. வெட்டினால் அடியிலிருந்து பத்துக் கிளையாகத் துளிர்க்கிறது. 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. முதுமலையில் வெட்டிய சென்னா மரம் அரசின் காகித ஆலைக்குக் கூழாகப் போனது.

பூச்சியும் கத்தியும்

இந்தப் போரில் தென்னிந்தியா ஜெயித்த கதைகளும் உண்டு. சப்பாத்திக்கள்ளி ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வயல்களையும் கிராமங்களையும் வளைத்துக்கொண்டிருந்தது. சாயம் தரும் பூச்சி என்று தவறாக நினைத்து, பிரேசிலிலிருந்து 1795-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஒரு பூச்சி, ஒரு வகைக் கள்ளியை விடாமல் உறிஞ்சித் தீர்த்தது. 1836-38-ல் அதைத் தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். வேண்டுமென்றே பூச்சியை விட்டுக் களையை ஒடுக்கிய உலகின் முதல் முயற்சிகளில் அது ஒன்று. மிஞ்சிய இன்னொரு வகைக் கள்ளிக்கு 1926-ல் இலங்கை வழியாக வேறொரு பூச்சி வந்தது. சில ஆண்டுகளில் கள்ளிக்காடு வெறும் சக்கையானது.

பெங்களூரும் தன் பங்குக்குச் செய்தது. 1955-ல் புனேயில் கண்ணில் பட்ட பார்த்தீனியம் சீக்கிரமே கர்நாடகத்தைப் பிடித்து, 'காங்கிரஸ் கிட' என்று கேலிப் பெயரும் வாங்கியது. தோலில் அரிப்பு, மூக்கில் தும்மல், ஆஸ்துமா. ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.பி. ஜெயந்த், மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டை வரவழைத்து, சோதித்து, 1984-ல் பெங்களூரில் வெளியே விட்டார். சில ஆண்டுகளில் மழைக்காலம் வந்தால் வண்டுக் கூட்டம் பார்த்தீனியத்தை மொட்டையடித்தது. நடுவே அது சூரியகாந்தியைக் கடிக்கிறது என்று விவசாயிகள் கொதித்தார்கள். நிபுணர் குழு விசாரித்துப் பயமில்லை என்றது. ஆகாயத்தாமரைக்கும் 1980-களில் பெங்களூர் ஏரிகளில் கூன்வண்டுகளை விட்டு, அவை செடியை அடக்கியதைப் பதிவு செய்தார்கள். வண்டு களையை ஒழிக்காது. பாதியாகக் குறைத்து நிறுத்தும். வெயிலில் வண்டு உறங்கும் மாதங்களில் பார்த்தீனியம் மறுபடி தலை தூக்கும்.

உண்ணிச்செடியிடம் மட்டும் பூச்சி பலிக்கவில்லை. ஹவாய்த் தீவில் 1902-லேயே அதன் மீது பூச்சிகளை ஏவினார்கள். இந்தியாவில் ஒய். ராமச்சந்திர ராவ் நாடு முழுக்கச் சுற்றி அதைத் தின்னும் பூச்சிகளைத் தேடி, 1920-ல் விரிவான அறிக்கை வெளியிட்டார். 1941-ல் வெளிநாட்டுப் பூச்சி ஒன்று டேராடூனுக்கு வந்தது. எதுவும் செடியை அசைக்கவில்லை. காரணம், அது ஒரே செடியல்ல. தோட்டக்காரர்கள் கலந்து கலந்து உண்டாக்கிய பல வகைகளின் கூட்டம். ஒரு வகையைத் தின்னும் பூச்சி இன்னொன்றைத் தொடாது. அழகுக்காகச் செய்த கலப்பே அதற்குக் கவசமாகிவிட்டது. ஆஸ்திரேலியா, இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் இரு நூற்றாண்டுகளாக நடத்திய போரை 2012-ல் ஓர் ஆய்வு எடைபோட்டது. முற்றிலும் ஒழிப்பது என்ற கனவை விட்டுவிட்டு, எங்கே, எவ்வளவு அடக்கலாம் என்று யோசிப்பதே அறிவு என்றது.

அப்படிச் செய்ய ஒரு வழியை டெல்லி பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழுவினர் காட்டினார்கள். மேலே வெட்டினால் செடி இரண்டாகத் துளிர்க்கும். மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே வேரை அறுத்து, புதரைத் தூக்கித் தலைகீழாகப் போட்டால் செத்துப்போகும். அதோடு வேலை முடியாது. பறவை உட்காரும் மரங்களின் அடியில் அடுத்தடுத்த ஆண்டுகள் வந்து நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். காலியான இடத்தில் உள்ளூர்ப் புல்லையும் செடியையும் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் உண்ணிச்செடி போன இடத்தில் யூபடோரியம் வந்து உட்காரும். வரைபடம் இங்கேதான் உதவுகிறது. அடர்ந்து போன மையத்தில் பணத்தைக் கொட்டுவதைவிட, செடி இப்போதுதான் எட்டிப் பார்க்கும் ஓரங்களையும் ஓடைக்கரைகளையும் சாலையோரங்களையும் முதலில் காப்பது மலிவு.

திரும்பி வந்த செடி

ஒழிக்க முடியாததைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. மலை மாதேஸ்வரர் மலையில் ஏட்ரீ உதவியோடு சோலிகர் குடும்பங்களும் மற்றவர்களும் உண்ணிச்செடித் தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, பிரம்பு போல வளைத்து, நாற்காலியும் சோபாவும் கூடையும் செய்தார்கள். விலை பிரம்பைவிடக் குறைவு, பூச்சி அரிக்காது. நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் பழங்குடிக் கலைஞர்கள் ஒரு படி மேலே போய், உண்ணிச்செடியிலேயே நிஜ அளவில் யானைகளைச் செய்தார்கள். அந்த யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024 பிப்ரவரியில் சுமார் 60 யானைகள் பெங்களூர் லால்பாக்கில் கூட்டமாக நின்றன. அதே ஆண்டில் இன்னொரு கூட்டம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. செடி தன் பிறந்த கண்டத்துக்கு யானை வேடத்தில் திரும்பிப் போனது.

கைவினையால் காடு மீண்டுவிடாது என்பதைச் செய்கிறவர்களே அறிவார்கள். நாற்காலிக்குத் தேவை தேர்ந்தெடுத்த தண்டு மட்டும். காட்டில் நிற்பதோ ஒன்றரை லட்சம் சதுர கி.மீ. ஆனால் அந்த வேலையில் ஒரு நியாயம் இருக்கிறது. காட்டிலிருந்து ஒதுக்கப்பட்ட கைகள் மறுபடியும் காட்டு வேலைக்கு வருகின்றன. வேரறுக்கவும், நாற்று பிடுங்கவும், ஆண்டுதோறும் அதே மரத்தடிக்குத் திரும்பி வந்து பார்க்கவும் கூலிக்கு வந்துபோகும் ஆளைவிட, அந்த மரத்துக்குப் பெயர் வைத்தவனே பொருத்தம்.

லால்பாக்கிலிருந்து மர்பி டவுன் ஏழெட்டு கி.மீ.தான். மழை ஓய்ந்த ஒரு மாலையில் அங்கே காலி மனையோரம் உண்ணிச்செடி பூத்திருக்கும். கொண்டைக்குருவி ஒன்று வந்து இரண்டு பழம் கொத்திவிட்டு, மின்கம்பியில் உட்காரும். அந்த மனையில் நாளை ஒரு வீடு எழும்பும். செடிக்கு அங்கே இடமில்லாமல் போகும். நகரம் இந்தச் செடியை ஜெயிப்பது அப்படித்தான்: இடத்தை நிரப்பி. காட்டிலும் வழி அதுவேதான். அங்கே நிரப்ப வேண்டியவை புல்லும் நெல்லியும், அவற்றைத் தெரிந்த மனிதர்களும்.